ஒரே சொல், பல மொழி, பல பொருள்: சொல் ஒற்றுமையைச் சோதிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஜப்பானியர் 'ஹை' என்றால் ஆம் என்று பொருள். வியட்நாமியர் 'ஹை' என்றால் இரண்டு. கடற்கரையில் ஒரு ஜெர்மானியர் 'ஹை' என்று கத்தினால் உடனே கரையேறிவிடுவது நல்லது, அவர் கண்ணில் பட்டது சுறா. பின்லாந்துக்காரருக்கும் 'ஹை' சுறாதான்.

ஜப்பானியமும் வியட்நாமியமும் இங்கே ஒத்துப்போனது வெறும் தற்செயல். பின்னிஷ் மொழிக்கும் ஜெர்மனுக்கும் குடும்ப உறவு கிடையாது, ஆனால் இந்தச் சொல் பின்னிஷுக்குப் பக்கத்து மொழியும் ஜெர்மனுக்கு உறவு மொழியுமான ஸ்வீடிஷிலிருந்து கடனாகப் போனது. பார்த்தால் நான்கும் ஒரே மாதிரி, ஆனால் ஒவ்வொன்றும் அங்கே வந்து சேர்ந்த கதை வேறு.

இப்படி ஒரு சொல் கண்ணில் பட்டு, 'இது அதிலிருந்து வந்ததோ?' என்று யோசிக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொழியியல் பட்டம் ஒன்றும் வேண்டாம். நல்ல அகராதிகளும் கொஞ்சம் பொறுமையும் போதும். நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: இரண்டு சொற்கள் இன்று ஒன்றுபோல் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவற்றின் பழைய வடிவமும் உறவு மொழிகளில் உள்ள வடிவமும்தான் பேச வேண்டும்.

தேடுவதற்கு முன்

வரக்கூடிய விடைகள் மொத்தம் நான்கு: தற்செயல், கடன், பொது மூதாதை, குழந்தைமொழி அல்லது ஒலிக்குறிப்பு (கேட்கும் சத்தமே சொல்லாவது). உங்கள் வேலை, கையில் உள்ள சொற்சோடி இவற்றில் எதில் சேரும் என்று பார்ப்பது. ஐந்தாவதாக 'தெரியவில்லை' என்பதும் மரியாதையான விடைதான்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' பரிசு, ஜெர்மனில் அதுவே நஞ்சு. பலரும் இதைத் தற்செயலுக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். உண்மையில் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை, 'கொடுப்பது' என்ற பொருளிலிருந்து கிளைத்தவை. மருந்தாகக் கொடுக்கும் அளவு, அப்புறம் கொடுக்கப்பட்ட நஞ்சு என்று ஜெர்மனில் பொருள் நகர்ந்துவிட்டது. ஆக, பொருள் வேறு என்பதால் சொல்லும் வேறு என்று சொல்லிவிட முடியாது.

முதல் படி: எழுத்தை நம்பாதீர்கள், ஒலியைக் கேளுங்கள்

தமிழில் எழுதிப் பார்க்கும் பழக்கம் நம்மை இங்கே கவிழ்த்துவிடும். நம் பகரம் இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. 'பால்' என்று எழுதினால் அது நாம் குடிக்கும் பாலாக இருக்கலாம், இந்தியில் தலைமுடியாக இருக்கலாம், ஆங்கிலத்தில் பந்தாகவும் இருக்கலாம். மூன்றும் உண்மையில் வேறு வேறு ஒலிகள். நம் எழுத்து அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது.

உயிரின் நீளமும் முக்கியம். ஜப்பானியத்தில் 'ஒபசான்' அத்தை அல்லது சித்தி, 'ஒபாசான்' பாட்டி. தொனி இருக்கும் மொழிகளில் இன்னும் சிக்கல். மாண்டரின் சீனத்தில் 'மா' என்பதைச் சமமாக உயர்த்திச் சொன்னால் அம்மா, ஏற்றிச் சொன்னால் சணல், இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென இறக்கினால் திட்டுவது. இந்த நான்கையும் ஒரே 'மா' என்று குறித்துக்கொண்டு தமிழோடு ஒப்பிடக் கிளம்பினால், ஏதாவது ஒன்று பொருந்தாமல் போகாது.

எனவே சர்வதேச ஒலிப்புக் குறியீட்டில் சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குறியீடு பழகவில்லையென்றால், தாய்மொழியாளர்கள் உச்சரித்துப் பதிவேற்றும் ஃபோர்வோ போன்ற தளத்தில் கேளுங்கள். பாதிச் சோடிகள் இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

இரண்டாம் படி: பொருளை இழுக்காதீர்கள்

சீனத்தில் 'மா' குதிரை என்றோம். பழந்தமிழிலும் 'மா' குதிரையைக் குறிக்கும், 'கலிமா' என்றெல்லாம் வரும். ஆகா என்று துள்ளத் தோன்றும். ஆனால் தமிழ் மா பொதுவாக விலங்கு. யானையும் மாதான், மாமரமும் மாதான், அரைத்த மாவும் மாதான். இத்தனை பொருளில் சீனத்துக்குப் பொருந்துவதை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். சீனப் பக்கம் போனால், ஆய்வாளர்கள் மீட்டெடுத்த பழஞ்சீன வடிவத்தில் மகரத்தை அடுத்து ஒரு ரகர ஒலி இருக்கிறது. வியட்நாமியத்திலும் குதிரைக்கு 'மா' என்ற சொல் உண்டு. அது சீனத்திலிருந்து வந்த கடன் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

அகராதியில் முதலில் உள்ள அடிப்படைப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்காவது பொருளைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டியிருந்தால் அந்தச் சோடியைச் சந்தேகப்படுவது நல்லது.

மூன்றாம் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

நன்றி சொல்ல ஜப்பானியர் 'அரிகாதோ' என்பார்கள், போர்ச்சுக்கீசியர் 'ஒப்ரிகாதோ' என்பார்கள். போர்ச்சுக்கீசியர் ஜப்பானுக்குப் போன வரலாறும் இருப்பதால், கடன்தான் என்று பலர் முடிவே கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் கதை வேறு. ஜப்பானியச் சொல்லில் 'அரி' இருத்தல், அடுத்த பாகம் 'கடினம்'. இருப்பதற்கே அரியது, கிடைப்பதற்கு அரியது என்ற பொருளிலிருந்து நன்றிக்கு வந்தது. போர்ச்சுக்கீசியச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, 'கடமைப்பட்டவன்' என்று பொருள். போர்ச்சுக்கீசியர் ஜப்பானில் கால் வைத்தது 1543-இல். அதற்கு வெகு காலம் முன்பே ஜப்பானிய இலக்கியத்தில் அந்தச் சொல் இருக்கிறது.

நான்காம் படி: இரண்டு பக்கமும் பின்னோக்கிப் போங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், நேரத்தைச் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான்.

தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் எய்ட். ஒலி நெருக்கம், பொருள் அச்சாக ஒன்று. யாரும் பொருளை இழுக்கவில்லை. முதல் மூன்று படிகளையும் இந்தச் சோடி சிரமமில்லாமல் தாண்டிவிடும்.

இப்போது ஆங்கிலப் பக்கம் பின்னால் போவோம். அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் உச்சரிக்காத இரண்டு எழுத்துகள் நடுவே நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை தொண்டையிலிருந்து வரும் ஹகரம் போல ஒலித்தவை. பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்த' என்பதுபோல் இருந்தது. ஜெர்மனில் இன்றும் 'அஹ்ட்', லத்தீனில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. ஆக, ஆங்கிலச் சொல்லின் மூல வடிவத்தில் டகரத்துக்கு முன் ஒரு ககர ஒலி இருந்திருக்கிறது.

தமிழ்ப் பக்கம் போவோம். எண்பது, எண்ணூறு, எண்திசை, எண்மர் என்கிறோம். எட்பது என்று சொல்வதில்லை. அப்படியானால் வேர் 'எண்', அதோடு ஒரு விகுதி சேர்ந்து ணகரம் டகரமாகித் தமிழில் எட்டு ஆயிற்று. கன்னடத்தில் அந்த ணகரம் இன்னும் அப்படியே இருக்கிறது, 'எண்ட்டு' என்கிறார்கள். தெலுங்கில் 'எனிமிதி'.

ஒரு பக்கம் 'ஒக்தோ', மறுபக்கம் 'எண்'. ஒரே சொல்லாக இருந்திருந்தால் பின்னால் போகப் போக நெருங்கியிருக்க வேண்டும். இவை விலகிப் போகின்றன. தற்செயல் என்று துணிந்து எழுதிக்கொள்ளலாம்.

இதே சோதனையை 'ஒன்று', 'ஒன்' என்ற சோடிக்கும் செய்து பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்'. முன்னால் வரும் வகர ஒலி பின்னாளில் ஒட்டிக்கொண்டது. அதே வேரிலிருந்து வந்த 'ஒன்லி', 'அலோன்' இரண்டிலும் அது இல்லை. வேடிக்கை என்னவென்றால், பேச்சில் நாமும் ஒன்று என்பதன் முன்னால் லேசாக ஒரு வகரத்தைச் சேர்க்கிறோம். இரண்டு மொழிகளிலும் தனித்தனியாக நடந்த ஒரு உச்சரிப்புப் பழக்கம் ஒற்றுமையை இன்னும் கூட்டிக் காட்டுகிறது.

ஐந்தாம் படி: உறவு மொழிகளைக் கேளுங்கள்

எல்லா மொழிக்கும் பழைய எழுத்துச் சான்று கிடைக்காது. அப்போது கைகொடுப்பவை அதே குடும்பத்தின் மற்ற மொழிகள்.

ஹவாய் மொழியில் 'கஹுனா' என்றால் பூசாரி, வித்தை தெரிந்தவர். எபிரேயத்தில் 'கெஹுன்னா' என்றால் பூசாரித்துவம். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருக்கமாக வருவது அபூர்வம். ஆனால் ஹவாய் மொழிக்கு நெருங்கிய உறவான மாவோரியில் இதே சொல் 'தொஹுங்கா'. மாவோரியில் தகரம் வரும் இடத்தில் ஹவாயில் ககரம் வருவது ஒழுங்கான மாற்றம்: மாவோரியில் மனிதனுக்குத் 'தங்கதா', ஹவாயில் 'கனகா'. ஆகவே ஹவாய்ச் சொல்லின் முதல் ஒலி முதலில் தகரம். எபிரேயச் சொல்லின் ககரமோ 'கோஹேன்' என்ற வேரிலேயே உள்ளது.

மொழியியல் வகுப்புகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த உதாரணம் ஒன்றும் உண்டு, ஆனாலும் விடமுடியவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்ற மொழியை 1960-களில் மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் பதிவு செய்தார். அதை அறிந்திருந்த ஆல்பர்ட் பென்னட்டிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டபோது வந்த பதில் 'டாக்'. ஆங்கிலத்திலும் அதுவேதான்! பக்கத்து உறவு மொழியான யிடினில் நாய் 'குடக'. ம்பாபரத்தில் சொல்லின் முதல் அசை உதிர்வதும், இறுதி உயிர் போவதும், குறிப்பிட்ட சூழலில் அகரம் ஒகரமாவதும் வழக்கமான மாற்றங்கள். அந்த வழியாகவே அது 'டாக்' ஆனது. இங்கே ஒலியும் பொருளும் முழுமையாக ஒத்திருந்தும் தொடர்பு எதுவும் இல்லை.

ஆறாம் படி: சொல் பயணம் செய்ய வழி இருந்ததா?

கடன் என்று சொல்ல மூன்று விஷயம் வேண்டும்: பேசுபவர்கள் சந்தித்த வரலாறு, சொல்லோடு கூடவே வந்த பண்டமோ வழக்கமோ, கொடுத்த மொழியில் அந்தச் சொல்லுக்கு உறவுச் சொற்கள். மலாயில் 'கப்பால்' என்றால் கப்பல், 'கெடை' என்றால் கடை, 'காத்தில்' என்றால் கட்டில். கடல் வணிகம் நடந்த வழி தெளிவாகத் தெரிகிறது. எதிர்த்திசையில் போர்ச்சுக்கீசிய 'ஜனேலா' நம்மிடம் ஜன்னலாகவும், 'ஷாவி' சாவியாகவும், 'மேசா' மேசையாகவும் தங்கிவிட்டன. பின்னிஷில் நூறு என்பது 'சதா'. சமஸ்கிருத 'சத'வோடு அது ஒத்திருப்பது தற்செயல் அல்ல, சமஸ்கிருதம் கிளைத்த பழைய இந்தோ-ஈரானிய மொழியைப் பேசியவர்களிடமிருந்து பின்னிஷின் முன்னோர் வாங்கியது.

சொல் ஒன்றாக, பொருள் பலவாகச் சிதறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பொதுக் கடன்களைப் பாருங்கள். 'அவசரம்' நல்ல உதாரணம். சமஸ்கிருதத்தில் 'அவசர' என்றால் வாய்ப்பு, தக்க தருணம். இந்தியிலும் மலையாளத்திலும் அந்தப் பொருள் நிலைத்தது. தமிழிலும் கன்னடத்திலும் விரைவு, பதற்றம். தெலுங்கில் தேவை. தெலுங்கர் ஒருவர் 'நாக்கு அவசரம்' (நாக்கு என்றால் எனக்கு) என்றால் அவருக்கு நேரமில்லை என்று பொருளில்லை, எதுவோ வேண்டும் என்கிறார். வாய்ப்பு வந்தால் விரைய வேண்டும், வாய்ப்பு என்பது தேவைப்படும் நேரம் என்று பொருள் நகர்ந்த தடம் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது. 'உபன்யாசம்' தமிழில் சமயச் சொற்பொழிவு, இந்தியில் நாவல். 'ராஜினாமா' தமிழில் பதவி விலகல். பாரசீக வழியில் வந்த அதே சொல் இந்தியில் சமரச ஒப்பந்தம். இந்தியும் தமிழும் வெவ்வேறு குடும்பம் என்றாலும் இந்தச் சோடிகளில் சொல் ஒன்றேதான். மொழி கற்பவர்களை அதிகம் தடுமாற வைப்பவையும் இவைதான். ஜப்பானியச் சொல்லைப் புதிதாகத்தான் படிக்கிறோம். 'அவசரம்' தெரிந்த சொல் என்று நினைத்துப் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஏழாம் படி: அம்மா, அப்பா, காகம், பூனை

இந்தச் சொற்களைத் தனியே ஒதுக்குங்கள். கொரியத்தில் 'அப்பா' அப்பாதான், 'ஒம்மா' அம்மா. அரமேயத்திலும் 'அப்பா' அப்பாவே. ஜார்ஜிய மொழியிலோ 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. நமக்கோ மாமா வேறு ஆள். குழந்தை முதலில் சுலபமாக எழுப்பும் ஒலிகள் உதட்டிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருபவை. பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் அதைத் தங்களைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960-இல் இதை விரிவாக எழுதினார். பூனைக்குச் சீனத்தில் 'மாவ்' என்பதற்கு விளக்கமே வேண்டாம். இப்படிப்பட்டவற்றை வைத்து மொழி உறவு பேசக் கூடாது.

பட்டியல் கையில் வந்தால்

ஒற்றைச் சோடியை விட ஆபத்தானது ஐம்பது சோடிகளின் பட்டியல். 'இத்தனையும் தற்செயலா?' என்ற கேள்வி வலுவாகத்தான் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 15 மெய், 5 உயிர் உள்ள மொழியில் மெய்-உயிர்-மெய் வடிவில் 1125 சொற்கள் அமையலாம். அப்படிப்பட்ட இரண்டு மொழிகளில் 100 பொருள்களை எடுத்து அச்சாக ஒத்துவருவதைத் தேடினால், சராசரியாக 0.09 சோடிகள்தான் தற்செயலாகக் கிடைக்கும். இப்போது 'கிட்டத்தட்ட ஒத்தால் போதும்' என்று மெய்களை 5 குழுவாகவும் உயிர்களை 3 குழுவாகவும் ஆக்குங்கள். வடிவங்கள் 75 ஆகச் சுருங்கும், 1.3 சோடி கிடைக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் 'தொடர்புடைய' பத்துப் பொருள்களை அனுமதித்தால் 13 சோடி. நூறு சொல்லுக்கே இவ்வளவு. அகராதி முழுவதையும் எடுத்துக்கொண்டால் பட்டியல் தானாக நீளும்.

தமிழ் வாசகர்களிடம் அடிக்கடி வரும் இரண்டு பட்டியல்கள் கொரியமும் ஜப்பானியமும். கொரிய 'நல்' நமது நாள், ஜப்பானிய 'இரு' நமது இரு என்று போகும். இவை இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. கொரியத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905-இலேயே ஒரு நூல் வெளியிட்டார். ஜப்பானிய-தமிழ் உறவை சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வலியுறுத்தினார். பெரும்பாலான வரலாற்று மொழியியலாளர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒலி மாறுகிறது, எல்லாச் சொல்லிலும் அதே விதிப்படி மாறவில்லை என்பது முக்கியமான ஆட்சேபம். 'இரு'வையே பாருங்கள்: ஜப்பானியச் சொல்லின் பழைய வடிவம் 'விரு', முன்னால் வகரம் இருந்தது.

விதிப்படி மாறுவது எப்படி இருக்கும்? கன்னடத்தைப் பாருங்கள்: பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பத்து – ஹத்து. பகரம் வரிசையாக ஹகரமாகிறது. செவி – கிவி, சேரி – கேரி என்று இன்னொரு வரிசை. 'செவி'யும் 'கிவி'யும் பார்க்க ஒத்தே இல்லை, ஆனால் உறவு உறுதி. பட்டியல் அனுப்பும் நண்பரிடம் ஒற்றுமைகளின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம், இப்படி ஒரு வரிசையைக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே தேடுவது

தொடங்க இணைய அகராதியான விக்சனரி போதும், குறிப்பாக அதன் ஆங்கிலப் பதிப்பு. ஒரே எழுத்துக்கூட்டலுக்கு எத்தனை மொழிகளில் என்னென்ன பொருள் என்று ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சொற்பிறப்பும் பெரும்பாலும் இருக்கும். தமிழ்ச் சொல்லின் பழைய பொருள்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. திராவிட உறவுச் சொற்களுக்கு பர்ரோவும் எமனோவும் தொகுத்த சொற்பிறப்பகராதி, 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இந்த இரண்டு அகராதிகளையும் இலவசமாகத் தேடலாம். சொற்பிறப்பு சொல்லும் இடத்தில் பழைய வடிவம் எதையும் தராமல் 'இது அதுவே' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

விற்பனைப் பொருளுக்கோ செயலிக்கோ பெயர் வைக்கத்தான் தேடுகிறீர்கள் என்றால் சொற்பிறப்பு தேவையில்லை, முதல் படி மட்டும் போதும். ஆனால் அகராதியோடு நிற்காமல் அந்த மொழி பேசுபவரிடம் சொல்லிக் காட்டுங்கள், கொச்சைச் சொற்கள் பல அகராதிகளில் இருக்காது. மிட்சுபிஷியின் பஜேரோ கார் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் மோன்டேரோ என்ற பெயரில்தான் விற்பனையானது. காரணத்தை ஸ்பானியம் தெரிந்தவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குச் சில சோடிகள். தமிழ் 'கண்', சீன மொழியில் பார்ப்பதற்கான 'கான்'. தமிழ் 'நீ', சீனத்தில் நீ என்பதற்கான 'நீ'. கிரேக்கத்தில் கண்ணுக்கு 'மாதி', மலாயில் கண்ணுக்கு 'மாதா'. மலாயில் 'மாதி' என்றால் சாவு. ஹங்கேரியத்தில் 'மோஷ்ட்' இப்போது, போலிஷில் 'மோஸ்த்' பாலம். கடைசிச் சோடியில் எழுத்துக்கூட்டல் அச்சாக ஒன்றுதான், ஆனால் ஒலி வேறு. அதனால் அது முதல் படியிலேயே விழுந்துவிடும். மலாய் 'மாதா'வுக்கு ஹவாயில் 'மகா' என்று இருப்பதையும், கிரேக்கச் சொல் பழைய 'ஒம்மாதியோன்' என்பதன் சுருக்கம் என்பதையும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது சோடியிலிருந்து ஆரம்பியுங்கள்.